விலை ஏறினால் மக்கள் தாமாகவே மாறிவிடுவார்களா? 2022ஐ யாழ்ப்பாணத்தில் கழித்த ஒருவரின் பதில்கள்

கேள்வி, 2025 ஏப்ரல் 11

வாசகர் ஒருவர் எழுதியது: "தூய தொழில்நுட்பம் பரவுவதற்கு எரிபொருள் விலையேற்றத்தைப் போல உதவக்கூடியது வேறொன்றும் இல்லை. மானியமும் வேண்டாம், விழிப்புணர்வு வகுப்பும் வேண்டாம். 2022இல் இலங்கையில் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. இன்று எங்கே பார்த்தாலும் கூரையில் சோலார் தகடு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

ஏப்ரல் 12

நாட்டில் டொலர் தட்டுப்பட்டு எரிபொருளே கிடைக்காமற்போன அந்த வருடம் முழுவதும் நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தேன். எங்கள் ஒழுங்கையில் முப்பத்தொரு வீடுகள். 2022இல் ஒரு கூரையிலும் புதிதாகத் தகடு ஏறவில்லை. வளவுகளில் விறகுதான் ஏறியது. கங்குமட்டை, பன்னாடை, பொச்சு, சிரட்டை, ஊமல் என்று எரியக்கூடிய எல்லாவற்றையும் வேலியோரம் அடுக்கினோம். பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் 2021 தொடக்கத்தில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இருபது வருடமாகச் சாமான் அறையாகக் கிடந்த பின்வீட்டு அடுப்படியை அம்மா திரும்பவும் மெழுகினார். எழுபத்திரண்டு வயதில் புகைக்குள் குந்தியிருந்து ஊதினார். அந்த இருமல் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

விலையேற்றம் மக்களை மாற்றும் என்பது உண்மை. எதை நோக்கி மாற்றும் என்பதைத்தான் உங்கள் கேள்வி விட்டுவிட்டது. கைக்கு எட்டியதை நோக்கித்தான் மனிதர் ஓடுவார். எங்கள் கைக்கு எட்டியது பனை.

ஏப்ரல் 12, இரவு

மண்ணெண்ணெயைச் சொல்ல மறந்துவிட்டேன். 87 ரூபாயாக இருந்தது அந்த ஜூலையில் ஒரே நாளில் 340 ஆனது. கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கைவிசேடம் தந்துவிட்டு நின்றபடியே ஒன்று கேட்டார். விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் மின்தேவை குறைவு. ஆகவே கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டிருக்கிறது. பெப்ரவரி 9ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது. தேவை குறைந்த நேரத்தில் சோலார் பங்கு அதிகமாக இருந்ததால் மின் வலையமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று அப்போது சொன்னார்கள். அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

அவர் 2024இல் வங்கிக் கடன் எடுத்துத் தகடு போட்டவர். "நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன் தம்பி. வங்கியும் இந்த மாதத் தவணையை நிறுத்துமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வாசகர் பார்ப்பது இன்றைய கூரைகளை. அவை 2022இன் கூரைகள் அல்ல. இடையில் இரண்டு வருடங்கள் இருக்கின்றன. அந்த இரண்டு வருடங்களில் என்ன நடந்தது என்பதில்தான் கேள்விக்கான விடை இருக்கிறது.

ஏப்ரல் 17

திருத்தம் இரண்டு.

முதலாவது, மண்ணெண்ணெய் விலை ஏறியது 2022 ஆகஸ்ட்டில். ஜூலை என்று எழுதியது பிழை.

இரண்டாவது பெரியது. 2022இல் ஒரு கூரையிலும் தகடு ஏறவில்லை என்று எழுதியிருந்தேன். வாசித்த தங்கை உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒழுங்கை முடிவில் இருக்கிற வீட்டை மறந்துவிட்டீர்களா அண்ணா?" என்று கேட்டாள். ஆம், அந்த வீட்டில் ஒக்டோபரில் ஏறியது. நானே ஏணி பிடித்திருக்கிறேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அந்த வீடு ஏன் விதிவிலக்கு என்று யோசித்தபோது, நான் முதலில் சொன்னதைவிட முக்கியமான ஒன்று தட்டுப்பட்டது. அந்த வீட்டின் மூத்த மகன் கனடாவில் இருக்கிறார். 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய். ரூபாயில் சம்பளம் எடுக்கிற எனக்குச் சீனத் தகட்டின் விலை ஏறத்தாழ இருமடங்கானது. டொலர் அனுப்புகிறவருக்குத் தகட்டின் விலை மாறவே இல்லை. பொருத்துகிற கூலி, கம்பிச் சட்டம், போக்குவரத்து எல்லாம் அவருக்கு மலிவாகிவிட்டன. ஒரே அதிர்ச்சி ஒரு வீட்டின் கதவைப் பூட்டியது, எதிர்வீட்டின் கதவைத் திறந்தது. எந்த நாணயத்தில் உழைக்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

வாகனத்திலும் இதே கதை. தனியார் வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் தடை வந்தது. 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. பெற்றோல் 177இல் இருந்து 470க்கு ஏறிய அந்த ஆறு மாதமும் துறைமுகக் கதவு மூடியே கிடந்தது. வெளிநாட்டில் உழைத்து வங்கி வழியாகப் பணம் அனுப்பியவர்களுக்கு மட்டும் மின்வாகனம் இறக்க ஒரு வழி பிறகு திறக்கப்பட்டது. பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்திருந்த முச்சக்கரவண்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. மின்வாகனம்தான் தன் பிழைப்புக்கு மீட்சி என்று அவர் முழுமனதோடு நம்பியிருந்தாலும் வாங்குவதற்கு நாட்டில் எதுவும் இல்லை. பெற்றோல் 300 ரூபாயளவுக்கு இறங்கிய பிறகுதான் மின்கார்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன.

ஏப்ரல் 18

இதைப் படித்த ஒருவர் கேட்கிறார்: "சைக்கிளைச் சொல்லவில்லையே? அதைவிடத் தூய வாகனம் உண்டா?"

இல்லை. அந்த மே, ஜூன் மாதங்களில் பலாலி வீதி முழுவதும் சைக்கிள்தான். வைத்தியர்களும் வங்கி முகாமையாளர்களும் மிதித்தார்கள். நான் என் அப்பாவின் பழைய வண்டிக்கு ரயர், ரியூப், செயின் மூன்றும் மாற்றினேன். திருத்துகிற கடையில் நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூலை இறுதியில் எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். செப்ரெம்பரில் வீதியில் பாதிச் சைக்கிள் காணாமற்போனது. அப்பாவின் வண்டியும் தாழ்வாரத்துக்குத் திரும்பியது.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எளிதாக ஏறிக்கொண்டதில் இருந்து எளிதாக இறங்கியும் விடுகிறோம். கூரையில் ஆணி அறைந்து பூட்டிய தகடு, பெற்றோல் விலை இறங்கினாலும் அங்கேயே இருக்கும். சைக்கிள் அப்படி இருக்கவில்லை. இருக்க வேண்டுமானால் வீதியோரத்தில் அதற்கு ஓர் இடம் கோடு போட்டு ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த மூன்று மாதங்கள் அதற்கான வேளை. யாரும் செய்யவில்லை.

ஏப்ரல் 23

சைக்கிள் என்றதும் மனம் 1990களுக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தார் விலையேற்றத்தை 2022இல்தான் கண்டார்கள் என்று தென்னிலங்கை நண்பர்கள் நினைக்கிறார்கள். 1990இல் போரோடு மின்சாரம் போனது. வருடக்கணக்கில் வரவில்லை. பெற்றோல், டீசல், டோர்ச் பற்றரி எல்லாம் அரசின் தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய்க்குக் கேட்ட விலை கொடுக்க வேண்டும். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறிய திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் மூன்று பேர் படித்தோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீதியெங்கும் அந்தப் புகை மணக்கும். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அப்பாவும் அயலாரும் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுவதை நிறுத்தினால் செய்தி நின்றுவிடும். கை மாற்றி மாற்றிச் சுற்றுவோம். தோட்டங்களில் இறைப்பு மெசின்கள் ஓய்ந்து, கைவிட்ட துலாக்கள் மறுபடியும் எழுந்தன.

உலகத்தில் எங்கும் ஓர் ஊர் இதைவிடக் கடுமையான எரிபொருள் அதிர்ச்சியைச் சந்தித்திருக்காது என்று சொல்ல வந்தேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வருடக்கணக்கில் நீடித்தது. மானியமே இல்லை. வாசகர் சொல்கிற நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறியிருந்தன. சனங்களிடம் புத்தி இருந்தது, கைத்திறன் இருந்தது, தேவை உயிர்போகிற தேவையாக இருந்தது. ஆனால் பாதை மூடியிருந்தது. பற்றரியே வராத ஊருக்கு எந்தத் தூய தொழில்நுட்பம் வரும்? அந்தத் திறமையெல்லாம் ஒரு கரண்டி எண்ணெயை மிச்சம் பிடிப்பதிலேயே செலவானது.

என் தலைமுறையின் திறமையைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது புகழ்ச்சி அல்ல, படிக்க ஒரு விளக்கு.

ஏப்ரல் 24

நேற்று எழுதியது நீண்டுவிட்டது. ஆனாலும் அழிக்கப்போவதில்லை.

மே 3

"2022 மார்ச்சில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. அப்போது சோலார் வீட்டுக்காரர்களாவது நிம்மதியாக இருந்திருப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த எண்ணம் பலருக்கு இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் 2018இலேயே தகடு போட்ட ஒரு வீடு உண்டு. அரச ஊழியர், வங்கிக் கடனில் போட்டவர். மின்வெட்டு நேரத்தில் அவருடைய வீடும் எங்கள் வீட்டைப் போலவே இருண்டு கிடந்தது. நண்பகலிலும்கூட. வெயில் கொளுத்துகிறது, கூரை முழுவதும் தகடு, கீழே மின்விசிறி சுற்றவில்லை. வலையமைப்போடு இணைத்த இன்வெர்ட்டர், வெளியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால், கம்பம் ஏறி வேலை செய்கிற ஊழியரின் உயிருக்கு ஆபத்து. அதைத் தாண்டி வீட்டுக்கு மின்சாரம் எடுக்கப் பற்றரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அன்று அதன் விலை தகட்டின் விலையோடு போட்டி போட்டது.

ஆகவே முதல் குறிப்பில் நான் எழுதியதையும் திருத்த வேண்டியிருக்கிறது. நான் எல்லாவற்றையும் விலை என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டேன். 2022இன் முதற்பாதியில் எங்களை வதைத்தது விலையல்ல, இல்லாமை. 87 ரூபாய் மண்ணெண்ணெய் என்று பலகையில் எழுதியிருந்தது, தாங்கியில் எண்ணெய் இல்லை. இல்லாமைக்குச் சனங்கள் தேடுவது சேமிப்பை: பற்றரி, கலன், விறகுக் குவியல். விலைக்குத் தேடுவது மாற்றை. இரண்டும் வேறு வேறு அதிர்ச்சிகள். வலையமைப்போடு இணைத்த தகடு இரண்டாவதற்கு மருந்து, முதலாவதற்கு அல்ல.

மே 4

இதற்கு என் தங்கையின் அடுப்பே சாட்சி. காஸ் கிடைக்காத ஏப்ரலில் அவள் கோப்பாயில் ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினாள். கடையில் இருந்த கடைசி அடுப்பு. முதல் கிழமை மின்வெட்டு நேரத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்தாள். மின்வெட்டுக் குறைந்து அடுப்பு உபயோகத்துக்கு வந்தபோது ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், இன்னொரு 66 சதவீதம். அடுப்பு பரணுக்குப் போனது. அதற்குள் காஸும் கடைக்கு வந்துவிட்டது.

ஓர் அதிர்ச்சி அவளை மின்சாரத்தை நோக்கித் தள்ளியது. அடுத்த அதிர்ச்சி அங்கிருந்து பின்னுக்குத் தள்ளியது. இடையில் அவள் கையில் இருந்த காசுதான் கரைந்தது. அதற்குப் பிறகு புதிய பொருள் எது வந்தாலும் "பார்த்துக்கொண்டு வாங்குவோம்" என்பாள். அந்தத் தயக்கமும் விலையேற்றம் விட்டுப்போன ஒன்றுதான்.

மே 11

இன்று ஒழுங்கை முழுவதும் நடந்து எண்ணினேன். முப்பத்தொரு வீட்டில் ஏழு வீட்டுக் கூரையில் தகடு. 2018இல் ஒன்று, 2022 ஒக்டோபரில் ஒன்று, 2023 டிசெம்பரில் ஒன்று, 2024இல் நான்கு. ஏழில் நான்கு வெளிநாட்டுப் பணம், இரண்டு வங்கிக் கடன், ஒன்று கடை வைத்திருப்பவர்.

அதிர்ச்சி உச்சத்தில் இருந்தபோது கூரைகள் காலி. இறங்கத் தொடங்கியபோதுதான் நிரம்பின. ஏன்? மத்திய வங்கி 2022 ஏப்ரலில், வங்கிகளுக்குக் கடன் வழங்கும் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7.5இல் இருந்து 14.5 சதவீதமாக உயர்த்தியது. 2023 மார்ச்சில் அது 16.5. வங்கி எங்களிடம் கேட்ட வட்டி இதற்கும் மேலே. இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டி எந்தத் தகடும் தன் முதலைத் திருப்பித் தராது. 2023 முடிவில் கொள்கை வட்டி 10க்கு இறங்கியது. மின்கட்டணம் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. அந்த ஒக்டோபரில் மேலும் 18 சதவீதம் ஏறியிருந்தது. கூரை மின்சாரத்துக்குச் சபை தருகிற விலை 22 ரூபாயில் இருந்து 37 ஆகியிருந்தது. உலகச் சந்தையில் தகட்டின் விலையோ சரிந்துகொண்டிருந்தது. நான்கும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஒழுங்கையில் ஏணிகள் சாய்ந்தன.

2024 மார்ச்சில் கட்டணம் 21.9 சதவீதம் குறைந்தது. ஜூலையில் 22.5. இவ்வருட ஜனவரியில் இன்னொரு 20. வாங்கும் விலையும் 37இல் இருந்து 27 ஆனது. 2025இல் இதுவரை எங்கள் ஒழுங்கையில் புதிய தகடு ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு வீடு என்பது நாட்டுக்குக் கணக்காகாது என்று சொல்வீர்கள். சரி. நாடு முழுவதும் கூரைச் சோலாரின் கொள்ளளவு ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் எந்தக் கூரை, எப்போது, யாருடைய பணத்தில் என்பது பெரிய எண்ணில் தெரியாது. ஒழுங்கையில் தெரியும்.

மே 12

வெளிநாட்டு எடுத்துக்காட்டுக் கேட்டவருக்குச் சுருக்கமாக.

1973இல் டென்மார்க் தன் எரிசக்தியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. எண்ணெய் அதிர்ச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது அந்த அரசு வரியை ஏற்றி, மலிவு எண்ணெய் மக்களை மறுபடி இழுத்துக்கொள்ளாமல் தடுத்தது. காற்றாலை செய்கிறவர்கள் பிழைத்தார்கள். அமெரிக்காவில் 1979இல் ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரிய வெந்நீர்த் தகடுகளை வைத்தார். வீட்டுச் சூரியக் கருவிகளுக்கான வரிச்சலுகை 1985 முடிவோடு போனது. றீகன் காலத்தில், 1986இல், கூரையில் இருந்தவையும் இறங்கின. இரண்டு நாட்டுக்கும் ஒரே அதிர்ச்சி. விலை இறங்கிய நாளில் என்ன செய்தார்கள் என்பதில்தான் பிரிந்தார்கள்.

பிரேசில் எனக்கு இன்னும் பிடித்த கதை. 1975இல் கரும்பு எரிசாராயத் (எத்தனோல்) திட்டம் தொடங்கியது. 1980களின் நடுவில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதில் ஓடின. எண்ணெய் மலிந்து, சீனி விலை ஏறி, 1989 அளவில் எரிசாராயத்துக்கே தட்டுப்பாடு வந்தது. நம்பி வாங்கிய மக்கள் நிரப்பு நிலையத்தில் நின்றார்கள். என் தங்கையின் அடுப்பைப் போல. அந்த நம்பிக்கை திரும்ப, இரண்டு எரிபொருளிலும் ஓடுகிற கார் 2003இல் வரவேண்டியிருந்தது.

மே 13

பாகிஸ்தானை ஏன் விட்டேன் என்று கேட்கிறார்கள். அதுதான் முதல் கேள்வி கேட்டவருக்குச் சாதகமான எடுத்துக்காட்டு, அதனால் மறைக்கக்கூடாது. மின்கட்டணம் வருடத்துக்கு வருடம் ஏறியது. 2024இல் மட்டும் ஏறத்தாழ 17 ஜிகாவாட் தகடு அந்த நாட்டுக்குள் வந்தது. பெரிய அரசுத் திட்டம் எதுவும் இதை நடத்தவில்லை. சனங்கள் தாமாகத்தான் வாங்கினார்கள். ஆகவே "தாமாக மாற மாட்டார்கள்" என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் தகடு அங்கே மலிவாகக் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் 2022இல் இறக்குமதிக்கான நாணயக் கடிதம் (எல்சி) திறக்கவே வங்கியில் டொலர் இல்லை. பாதை திறந்திருந்தால் விலையேற்றம் தள்ளும். அவ்வளவு தூரத்துக்கு வாசகரோடு நான் உடன்படுகிறேன். பாகிஸ்தானிலும் கூரைத் தகடு வாங்க முடிந்தவர்கள் வலையமைப்பை விட்டு விலக, அதன் நிலையான செலவு மிஞ்சியவர்களின் தலையில் ஏறுகிறது என்ற சண்டை தொடங்கிவிட்டது. அந்த மிஞ்சியவர்களைப் பற்றித்தான் அடுத்து எழுத வேண்டும்.

மே 25

எதிர்வீட்டு மாமி தனியாக இருக்கிறார். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. மாதம் முப்பது அலகுக்கு மேல் போகாது. கணக்கு இது. 2022 ஆகஸ்ட்டுக்கு முன் அலகு 2.50, நிலையான கட்டணம் 30. மொத்தம் 105 ரூபாய். ஆகஸ்ட்டில் அலகு 8, நிலையானது 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலையானது 400. மொத்தம் 1,300. ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்கு. அதே காலத்தில் 180 அலகுக்கு மேல் எரிக்கிற வீட்டுக்கு அந்த மேலதிக அலகின் விலை 45இல் இருந்து 75 ஆனது. இரண்டு மடங்குகூட இல்லை.

விலையேற்றம் மிகக் கடுமையாக அடித்தது மாமியை. தகடு போடும் தூண்டுதல் கிடைத்ததோ மாடிவீட்டுக்காரருக்கு. ஏனென்றால் மிச்சப்படுத்தக்கூடிய 75 ரூபாய் அலகுகள் அவரிடம்தான் இருந்தன. மாமியின் ஓட்டு வீட்டில் தகடு போட்டாலும் மிச்சமாவது ஆயிரத்துச் சொச்சம். அதற்கு எந்த வங்கி கடன் தரும்? அவர் செய்த மாற்றம், மின்விசிறியை நிறுத்தி முற்றத்தில் படுத்தது. இதுவும் மின்பாவனைக் குறைப்பு என்று புள்ளிவிபரத்தில் ஏறியிருக்கும். 2023இல் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் கட்டணம் செலுத்தாததால் துண்டிக்கப்பட்டன. மாமியின் இணைப்பும் அதில் ஒன்று. பதினொரு நாள். எங்களிடம் சொல்லவே இல்லை. விளக்கு எரியாததைப் பார்த்து அம்மாதான் போய்க் கேட்டார். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 1

மண்ணெண்ணெய் பற்றி எழுதுவதாகச் சொன்னது பாக்கி.

பாசையூரில் எனக்குத் தெரிந்த கடற்றொழிலாளர் ஒருவரைச் சந்தித்தேன். 340 ரூபாய் எண்ணெயில் ஆழத்துக்குப் போய்வந்தால் மீன் விற்ற காசு எண்ணெய்க்கே சரி என்றார். ஆகவே கரையோடு நின்றுகொண்டார். எல்லோரும் கரையோடு நின்றதால் கரையில் மீன் குறைந்தது. படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்குப் பதிலாக அவர் வாங்கக்கூடிய தூய இயந்திரம் எந்தக் கடையிலும் இல்லை. "துடுப்பு இருக்கிறது" என்றார்.

உரும்பிராயில் வெங்காயம் செய்கிற என் மைத்துனர் வேறு கதை சொன்னார். கிணற்றடிக்கு மின்கம்பி ஏற்கெனவே வந்திருந்ததால் மண்ணெண்ணெய் மெசினை விற்றுவிட்டு மின்மோட்டார் போட்டார். ஒரு நாள் வேலை. இனி மண்ணெண்ணெய் மலிந்தாலும் திரும்பமாட்டேன் என்கிறார். காலையில் மெசினின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிப்பதும் இனி இல்லை என்றார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணெய், ஒரே விலை, ஒரே நாள். ஒருவரின் கிணற்றடியில் கம்பம் இருந்தது. மற்றவரின் கடலில் எதுவும் இல்லை.

ஜூன் 2

இதெல்லாம் பணக்கணக்குத்தானா, சுற்றாடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையா என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம். சுன்னாகத்து டீசல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. அந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எங்களுக்கு ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான் குடிநீர். டீசல் மணத்த கிணற்றை எட்டிப் பார்த்தவனுக்குத் தூய மின்சாரம் ஏன் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இத்தனை எழுதுகிறேன்.

ஜூன் 15

மூன்று நாளைக்கு முன் மின்கட்டணம் 15 சதவீதம் ஏற்றப்பட்டது. முதல் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார்: "இனிப் பாருங்கள், மறுபடி தகடுகள் ஏறும்."

ஏறலாம். ஆனால் என் அயலில் பேச்சு வேறாக இருக்கிறது. ஏறியது 2022, 2023இல். இறங்கியது 2024இல். மறுபடி ஏறுகிறது. வாங்கும் விலை 22, 37, 27. ஏப்ரலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். இத்தனை ஆட்டத்தில் இருபது வருடத்துக்கு முதல் போட யார் துணிவார்? ஒரே உயரத்தில் நிற்கிற விலைக்குச் சனங்கள் கணக்குப் போடுவார்கள். ஆடுகிற விலைக்குக் காத்திருப்பார்கள். தங்கையிடம் கேட்டேன், பற்றரியோடு ஒரு சிறிய தொகுதி போடலாமா என்று. "அடுத்த வருடம் என்ன சொல்வார்களோ" என்றாள். அடுப்பு இன்னும் பரணில்தான்.

ஜூன் 29

எங்கள் சனசமூக நிலையத்தின் கூரையை இன்று அளந்தோம். பகலில் பத்திரிகை வாசிப்பு, மாலையில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடக்கிற மண்டபம். நீளம் நாற்பத்திரண்டு அடி, தெற்குப் பக்கம் நிழல் இல்லை. மேலே கல்நார்த் தகடு, அது தாங்காது. இரும்புச் சட்டம் தனியாக எழுப்ப வேண்டும். சூரிச்சில் இருக்கிற பழைய மாணவர்கள் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். மீதிக்குக் கடன் கேட்கப் போகிறோம். பற்றரியும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்க வேண்டும், மாமியைப் போன்றவர்கள் வெக்கை தாங்காமல் வந்து இருக்க ஒரு மின்விசிறி அங்கே சுற்ற வேண்டும்.

பற்றரியால் செலவு கூடுகிறது என்று செயலாளர் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான். வருகிற ஞாயிறு நான்கு மணிக்குக் கூட்டம். சட்டம் அடிக்கத் தெரிந்தவர்கள், வலையமைப்பு இணைப்புக்கு விண்ணப்பித்து அனுபவம் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், என்ன செலவானது, எத்தனை மாதம் எடுத்தது என்று எழுதுங்கள்.